கம்ப்யூட்டரை விற்கலாம், உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடுவது பற்றித்தான் நிறையக் கேட்கிறீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் லேப்டாப் 2019-இல் வாங்கியது, ஒரிஜினல் விண்டோஸோடு வந்தது. விற்கும்போது விண்டோஸையும் சேர்த்துத் தரலாமா? இல்லை, அந்த லைசென்ஸை என் புது அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாமா? (திருச்சி)

தரலாம். மாற்ற முடியாது. கம்பெனியிலிருந்தே விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் இருப்பது ஓஇஎம் லைசென்ஸ். அது உங்களோடு வராது, அந்த மெஷினோடு போகும். விண்டோஸ் 7 காலத்தில் அடியில் 25 எழுத்து கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். பாதி எழுத்து அழிந்து போயிருக்கும். விண்டோஸ் 8-இலிருந்து கீ மதர்போர்டு சிப்பிலேயே பதிந்து வருகிறது. அதே எடிஷனை மறுபடி போட்டால் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் விண்டோஸ் என்றால் கதை வேறு. பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு டிஎல்ஐ என்று அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது) மூன்றில் ஒன்று இருக்கும். வால்யூம் என்று வந்து, நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லாதவர் என்றால், ஓஎஸ் போட்டுக் கொடுத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

டிடிபி கடையை மூடுகிறேன். நான்கு சிஸ்டங்களிலும் பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா, ஸ்ரீலிபி இருக்கின்றன. வாங்குபவர் "அப்படியே கொடுங்கள், ஃபார்மட் அடிக்காதீர்கள்" என்கிறார். (சிவகாசி)

அவர் அப்படிக் கேட்பது ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் எது காசு கொடுத்து வாங்கியது, எது யாரோ போட்டுக் கொடுத்தது என்று பிரியுங்கள். கிராக் செய்ததை உள்ளே வைத்து விற்றால் நீங்கள் விற்பது வெறும் கம்ப்யூட்டர் இல்லை, திருட்டுப் பிரதியும்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது. வாங்குபவரும் தப்பவில்லை. திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. டிடிபி கடைக்கு அந்தச் சலுகை ஏது?

ஒரிஜினல் வாங்கியவற்றுக்குப் பெட்டி, சிடி, சீரியல் நம்பர், பில் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். உரிம ஒப்பந்தம் கைமாற்ற அனுமதித்தால் அத்தனையையும் சேர்த்துக் கொடுத்து, உங்களிடம் பிரதி வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நான்கு சிஸ்டத்தில் ஓடினாலும் பில் ஒன்றுதான் என்றால் லைசென்ஸும் ஒன்றுதான். டாங்கிளோடு (செருகி இருந்தால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சின்னச் சாதனம்) வந்த சாஃப்ட்வேர் இருந்தால், அது சிபியு பின்னால் தூசிக்குள் செருகி இருக்கிறதா என்று பாருங்கள். பழையது என்றால் பிரிண்டர் போர்ட்டில் இருக்கும். அதைக் கழற்றாமல் சிபியுவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அலைபவர்கள் உண்டு.

காசு கொடுத்து வாங்கிய சிடியை நான் விற்க இவர்கள் யார் தடுக்க? (கோவை)

நியாயமான கோபம். நீதிமன்றங்களே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் ஒருவர், ஆட்டோடெஸ்க் கம்பெனியின் வரைபட சாஃப்ட்வேரான ஆட்டோகேடின் பழைய பதிப்பை ஈபேயில் விற்கப்போய், 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் "அது விற்கப்பட்டதல்ல, உரிமம்தான் தரப்பட்டது" என்று ஆட்டோடெஸ்க் பக்கம் சாய்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2012-இல் ஆரக்கிள் வழக்கில், காலவரையின்றி விற்ற லைசென்ஸை வாங்கியவர் மறுபடி விற்கலாம், டவுன்லோடு செய்ததானாலும் சரி, தன் பிரதியை அழித்துவிட வேண்டும் என்றது. அது ஐரோப்பாவுக்கு. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வைத்து நீங்கள் நடப்பதுதான் பத்திரம்.

கணக்கு எழுதும் கம்ப்யூட்டரை மாற்றுகிறோம். டேலி? (ஈரோடு)

விற்பதற்கு முன், டேலிபிரைமில் லைசென்ஸ் பகுதிக்குப் போய் சரண்டர் செய்யுங்கள், அதாவது அந்த மெஷினிலிருந்து லைசென்ஸை விடுவியுங்கள். சிஸ்டம் இன்டர்நெட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிறகு அதே சீரியல் நம்பரைப் புது மெஷினில் ஆக்டிவேட் செய்யலாம். டேட்டா ஃபோல்டரை பேக்கப் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கினேன். ரீசெட் செய்ததும் ஏதோ கம்பெனி பெயரைக் காட்டி அவர்கள் மெயில் ஐடி கேட்கிறது. (சென்னை)

அது ஆட்டோபைலட், கம்பெனி லேப்டாப்புகளைத் தானாக அமைத்துக் கொடுக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி. ஐடி கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைக்கின்றன. எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் நெட் கிடைத்ததும் அந்தத் திரை திரும்ப வரும். பதிந்த கம்பெனிதான் நீக்க வேண்டும். நெட் இல்லாமல் செட்டப் செய்து தாண்டிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். அடுத்த ரீசெட்டில் மறுபடி மாட்டுவீர்கள். திருட்டு லேப்டாப்பாகவும் இருக்கலாம், அதனால் பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள். இனி வாங்குபவர்கள் கடையிலேயே ரீசெட் செய்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, டெஸ்க்டாப் வரும்வரை பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.

விற்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று: உங்கள் வால்யூம் லைசென்ஸ் லேப்டாப்போடு போகாது. லேப்டாப்பை ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து நீக்கி, அதோடு வந்த ஓஇஎம் விண்டோஸுக்குத் திருப்பிவிட்டு விற்க வேண்டும். கேஎம்எஸ் முறையில், அதாவது நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் ஆனது உங்கள் சர்வரைப் பார்க்காமல் 180 நாளுக்கு மேல் தாங்காது. பிறகு வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார்.

லேப்டாப்போடு வந்த ஆபீஸ்? (மதுரை)

முதலில் திறந்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணக்கைக் கொடுக்க முடியாது என்பதால் "ஆபீஸும் உண்டு" என்று சொல்லி விற்காதீர்கள். மாதச் சந்தா கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 என்றால் சைன் அவுட் செய்தால் போதும்.

இந்த வம்பே வேண்டாம், லினக்ஸ் போட்டு விற்கலாமா? (தஞ்சாவூர்)

தாராளமாக. விண்டோஸ் 11 ஏறாத மெஷினுக்கு அதுதான் சரி. லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் உரிமம் விற்கவும் பிரதி எடுக்கவும் விடுகிறது. மூல நிரல் (சோர்ஸ் கோடு) கேட்டால் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகப் போட்டுக் கொடுங்கள். வாங்குபவரிடம் இது விண்டோஸ் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே டேலி போட வேண்டும் என்று வந்து நிற்பார்.