எம்.எஸ். நோய்க்கு ஆக்சிஜன் சிகிச்சை பலன் தருமா? ஆராய்ச்சிகள் ஏன் இப்படி முரண்படுகின்றன?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிற நோய். காற்றழுத்தம் ஏற்றிய அறைக்குள் உட்கார்ந்து ஆக்சிஜன் இழுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அத்தான் சென்னையில் ஓரிடத்தில் நாற்பது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டிவிட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் போட்டாச்சு. அதற்குள் வீட்டில் ஒரு சாவு, பயணம் நின்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், சுவரைப் பிடிக்காமல் அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வந்தாள். கையில் காப்பி டம்ளர், ஒரு சொட்டு சிந்தவில்லை. “ஏல, பாத்தியா, நடக்கேன்!” புதிதாக எந்த வைத்தியமும் செய்யவில்லை. சென்னை போய் வந்திருந்தால் பெயர் முழுக்க ஆக்சிஜனுக்குத்தான் போயிருக்கும். அத்தான் டவுண் முழுக்கச் சொல்லியிருப்பார்.

ஆராய்ச்சிக்காரர்களின் முதல் தலைவலியும் இதுதான். பலருக்கு இந்த நோய் தானாக ஏறும், தானாக இறங்கும். அதனால் ஒப்பிட இன்னொரு குழு வேண்டும், தனக்குக் கிடைப்பது போலி என்று அந்தக் குழுவுக்குத் தெரியவும் கூடாது. போலி மாத்திரை செய்துவிடலாம். போலி அழுத்தம்? தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள், கொஞ்சம் இறங்கினாலே காது அடைக்கும். அறைக்குள்ளும் அதே கதைதான், காது அடைக்காவிட்டால் தனக்குப் போலி என்று தெரிந்துவிடும்.

1983-இல் அமெரிக்காவில் 40 பேரை வைத்து நடந்த ஆய்வில் இதை அழகாகச் சமாளித்தார்கள். இரு குழுவுக்கும் இரண்டு மடங்கு காற்றழுத்தம். ஒரு பக்கம் சுத்த ஆக்சிஜன். மறுபக்கம் 10 சதவீத ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். அந்த அழுத்தத்தில் அது நாம் வெளியில் சுவாசிப்பதற்குச் சமம். ஆக்சிஜன் பெற்ற 17 பேரில் 12 பேர் தேறினார்கள், மறுபக்கம் 20 பேரில் ஒருவர். ஆனால் பலருக்கு அது நிலைக்கவில்லை. 1985-இல் பிரிட்டனில் 120 பேரிடம் பார்த்தபோது நடையில் பலன் தெரியவில்லை. சிறுநீர், மலம் அடக்குவது கொஞ்சம் பரவாயில்லை என்று சிலர் சொன்னதோடு சரி. 2004-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 504 பேர் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வழக்கமான சிகிச்சையாக்க ஆதாரம் போதாது என்றது.

ஆக்சிஜனுக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் பெரிய ஆய்வுக்குப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. அதற்காக “மருந்துக் கம்பெனிக்காரன் மறைக்கான்” என்பதை நான் நம்பவில்லை. ஆய்வு நடக்கத்தான் செய்தது, பலன்தான் கைக்கு எட்டவில்லை.

போவதாக இருந்தால் முதலில் உங்கள் நரம்பு டாக்டரிடம் கேளுங்கள். காதில் காயம், கொஞ்ச நாளைக்குக் கிட்டப்பார்வை, அபூர்வமாக வலிப்பு வரலாம். சாப்பிடுகிற மருந்தை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அத்தான் கட்டிய முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.