ஜப்பானில் 'தசை தின்னும் பாக்டீரியா' பரவுகிறதாமே, வயதான அப்பாவை அழைத்து வரலாமா?

சர்க்கரை உள்ள, எழுபதைத் தாண்டிய அப்பாவை டோக்கியோவுக்கு அழைக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அழையுங்கள். கிளம்பும் முன் அவர் கால்விரல் இடுக்கை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற ஆள். செய்தி பொய்யில்லை. 'தசை தின்னும்' என்று செய்தியில் சொல்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நச்சு அதிர்ச்சி நோயை, அது ஜப்பானில் 2023-இல் 941 பேருக்கு வந்தது, 2024-இல் ஜூன் தொடக்கத்திலேயே அதைத் தாண்டிவிட்டது. வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கிற நோய்தான், ஆனால் பன்னிரண்டு கோடிப் பேர் வாழும் நாட்டில் இது எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கிருமியில் பேர் வாங்கியது பிரிட்டனில் தலையெடுத்த எம்1யூகே என்ற வகை. பழைய எம்1-க்கும் இதற்கும் டிஎன்ஏவில் 27 எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஸ்கார்லெட் காய்ச்சல் நச்சைப் பல மடங்கு சுரக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸை 'ஏ', 'ஜி' என்று பல பிரிவாகப் பிரிப்போம், இது 'ஏ' பிரிவு. வயதானவர்கள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதிகம் பேசப்படாத 'ஜி' பிரிவுதான். ரத்த அகார் தட்டில் (கிருமி வளர்க்கும், ரத்தம் கலந்த கூழ்த் தட்டு) 'ஏ'யைவிடக் கொஞ்சம் பெரிய காலனி, அதாவது கிருமித் திட்டு, சுற்றிலும் சிவப்பு கரைந்து தெளிந்த வளையம். இரண்டும் மரபணுக்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். சர்க்கரை, புற்றுநோய், நாள்பட்ட கால்வீக்கம் உள்ள முதியவர்களின் ரத்தத்தில்தான் 'ஜி' அதிகம் அகப்படுகிறது.

இன்னொன்று, இந்த நச்சு அதிர்ச்சி நோய் வந்தவர்களிடம் எடுத்த 'ஏ' கிருமிகளை ஜப்பானியர்கள் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் நச்சு உற்பத்திக்குக் கடிவாளம் போடும் மரபணுக்கள் (கவ்எஸ் மாதிரி) பழுதாகியிருந்தன. சாதாரணத் தொற்றுக் கிருமிகளில் அது அபூர்வம். இந்தப் பழுது பெரும்பாலும் நோயாளியின் உடம்புக்குள்தான் நேர்கிறது, அப்படி மாறிய கிருமிக்கு அடுத்தவர் தொண்டையில் போய்க் குடியேறும் திறமையும் குறைந்துவிடும். அதனால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து மிரள வேண்டாம், அப்பா காலில் வெள்ளையாக ஊறிப்போன சேற்றுப்புண்ணைக் கவனியுங்கள், கிருமிக்கு அது திறந்த கதவு. பூஞ்சைக் களிம்பு போட்டு ஆற்றிவிட்டே விமானம் ஏற்றுங்கள்.

அங்கே வந்தபின் காய்ச்சலோடு காலில் வலி வந்து, தோலில் தெரிகிற சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் வலி அதிகமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பென்சிலின் இன்றும் இதைக் கொல்கிறது, நச்சை நிறுத்தக் கூடவே கிளிண்டாமைசின் கொடுப்பார்கள், தசை அழுக ஆரம்பித்திருந்தால் அறுவைசிகிச்சையும் உடனே வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள்.