ரைஸ் குக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு சிக்கனமாகச் சாப்பிடுவது பற்றி

வணக்கம். திருகோணமலை நிலாவெளி வீதியில் அறையெடுத்துத் தங்கிப் படிப்பதாகவும், மூன்று வேளையும் கடைச் சாப்பாட்டினால் மாத நடுவிலேயே பணம் தீர்ந்துவிடுவதாகவும், கையில் ரைஸ் குக்கர் மட்டுமே உள்ளதாகவும் எழுதியிருந்தீர்கள். அது ஒன்றே போதும். பகல் உணவை மட்டுமாவது நீங்களே சமையுங்கள்.

அரிசியுடன் மைசூர்ப் பருப்பு, மஞ்சள், வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வேகவைத்து, இறக்குவதற்குச் சற்று முன் ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டால், பாணும் சம்பலும் தருவதைவிடக் கூடுதலான புரதமும் இரும்புச்சத்தும் கிடைக்கும். கழுவிய முட்டையையும் மேல்தட்டில் வைத்து அவித்துக்கொள்ளலாம்.

மீனென்றால் பாரை, அறுக்குளாவை விட்டுச் சூடை, சாளை போன்ற சிறுமீன்களையே வாங்குங்கள். விலை குறைவு, சத்தில் குறைவில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் அன்றைய தேவைக்கு மட்டும் வாங்கிப் புளிவிட்டுச் சமையுங்கள். கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதல் சனவரி வரை மீன் விலை ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே நெத்தலிக் கருவாடு வாங்கி, ஈரம் படாத போத்தலில் மூடி வையுங்கள்.

ஒன்றை மிகவும் அக்கறையோடு சொல்கிறேன்: பகலில் ஆக்கிய சோற்றை நம் ஊர் வெக்கையில் இரவுவரை வைத்திருந்து உண்ணாதீர்கள். அதில் பெருகும் கிருமியின் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே ஒரு வேளைக்கு அளந்தே அரிசி போடுங்கள்.