யாருக்கும் புரியாது என்ற நம்பிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் மனைவியும் தமிழ் தெரியாதவர்கள் நடுவே வாழ்கிறோம். ரயில், கடை, லிஃப்ட் என்று எங்கே நின்றாலும் எங்களுக்குள் பேச வேண்டியதைத் தமிழில் தாராளமாகப் பேசிவிடுகிறோம். பணம், உடல்நலம், சொந்தக்காரர்கள் விவகாரம், சில சமயம் எதிரே இருப்பவரைப் பற்றியும்கூட. இது உண்மையிலேயே பாதுகாப்பானதா? மற்றவர்கள் எதிரில் இப்படிப் பேசுவது மரியாதைக் குறைவா? நண்பர் ஒருவர், அதிகம் பேருக்குத் தெரியாத மொழி ஒன்றை இருவரும் புதிதாகக் கற்று அதையே ரகசிய மொழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். முயற்சி செய்யலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம். ஒரு மொழியை அதன் மேல் ஆசை இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள்; ஒளிந்துகொள்வதற்காகக் கற்காதீர்கள். புதிதாகக் கற்றவர் எப்படிப் பேசுவார்? மெதுவாக, சொல் சொல்லாக, பாடப்புத்தக உச்சரிப்போடு, ஞாபகம் வராத சொல்லுக்குக் கையை ஆட்டிக்கொண்டு. அந்த மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கு மிகச் சுலபமாகப் புரியும் பேச்சு அதுதான். தாய்மொழிப் பேச்சு இதற்கு நேர் எதிர். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று வகுப்பில் படித்தவருக்கு ‘வந்துட்டிருக்காங்க’ பிடிபட நாளாகும். ஆகவே மறைப்பு என்று பார்த்தாலும், உங்களிடம் இருப்பதில் கெட்டியானது உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழ்தான்.

அந்தக் கெட்டி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறீர்கள். தரகர் அருகில் நிற்கிறார், அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நீங்கள் மனைவியிடம் சொல்கிறீர்கள்: “பேங்க்ல பர்சனல் லோன் இன்னும் அப்ரூவ் ஆகலை. இவர் கேக்குற அட்வான்ஸ் நம்ம பட்ஜெட்டுக்கு ஜாஸ்தி. ஆனா வீடு சூப்பர், விட்டுடக் கூடாது.” தரகரின் காதில் விழுந்தது பேங்க், பர்சனல் லோன், அப்ரூவ், அட்வான்ஸ், பட்ஜெட், சூப்பர். இனி அவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? கையில் பணம் இல்லை, வீடு பிடித்துவிட்டது என்ற இரண்டும் அவருக்குத் தெரிந்துவிட்டன. பேரம் பேச அவருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

அதே செய்தியை “காசு இன்னும் கைக்கு வரலை. கேக்குறது அதிகம். ஆனா விடக் கூடாது” என்று சொன்னால் ஒரு சொல்கூட வெளியே போகாது. நம் அன்றாடப் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் வந்து உட்கார்ந்திருப்பது முக்கியமான பெயர்ச்சொற்களில்தான். நோய், கடன், வேலை, வழக்கு, விவாகரத்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வினைச்சொல்லை மட்டும் தமிழில் முடிக்கிறோம். மறைக்க வேண்டியதை ஆங்கிலத்தில் திறந்து வைத்து, ‘ஆச்சு’, ‘போச்சு’ என்பதை மட்டும் தமிழில் மூடி வைக்கிறோம். “பயாப்சி ரிசல்ட் வியாழக்கிழமை வருது” என்பதில் மறைந்திருப்பது கிழமை மட்டுமே. “அவர் சொன்னது வியாழக்கிழமை தெரிஞ்சுடும்” என்றால் உங்கள் மனைவிக்குப் புரியும், பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது. தமிழ் வினைமுற்றே ஆண், பெண், பன்மை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் பெயரைத் தூக்கிவிட்டே பேசலாம். இது நம் மொழி தரும் பெரிய வசதி.

பெயரைத் தூக்குவது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1959ல் நெவில் மோரே என்ற ஆய்வாளர், ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு மறுகாதில் வேறு பேச்சை ஒலிக்கவிட்டார். மறுகாதில் வந்தது கேட்டவர்களின் மனதில் நிற்கவில்லை. ஆனால் அதில் அவரவர் பெயர் வந்தபோது கணிசமானோர் அதைப் பிடித்துவிட்டார்கள். சக ஊழியரைப் பற்றித் தமிழில் பேசும்போது அவர் பெயரைச் சொன்னால், அறையின் மறுகோடியில் இருந்தாலும் அவர் தலை திரும்பும். அதற்குப் பிறகு உங்கள் முகத்தை வைத்து அவர் எதையும் ஊகித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நீங்கள் சொன்னதைவிட மோசமாகவே ஊகிப்பார்.

எண்கள் இதைவிட ஆபத்து. தமிழர்கள் ஓடிபியையும் கார்டு எண்ணையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். பேச்சு முழுக்கத் தமிழாக இருந்தாலும் “ஃபோர் செவன் நைன்…” என்று தொடங்கியதும் சுற்றியுள்ள எல்லோருக்கும் புரிகிறது. தமிழில் சொன்னாலும் பாதுகாப்பில்லை, நம் மூணு மலையாளத்தில் மூந்நு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. எந்த மொழியிலும் எண்களை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். திரையைக் காட்டுங்கள், அல்லது பக்கத்திலேயே நிற்கும் துணைவருக்குச் செய்தியாக அனுப்புங்கள்.

அடுத்து, யாருக்குப் புரியும் என்பதை முகத்தைப் பார்த்துக் கணிக்கும் பழக்கம். தோலின் நிறத்தையும் உடையையும் பார்த்து ‘இவருக்குத் தெரியாது’ என்று முடிவுகட்டுகிறோம். ஒருவர் அந்த மொழிக்காரரை மணந்திருக்கலாம், அந்த ஊரில் வேலை பார்த்திருக்கலாம், பக்கத்து வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கலாம். இவர்களில் பலருக்குக் கேட்டால் புரியும், திருப்பிப் பேச வராது. அதனாலேயே அவர்கள் தங்களைக் காட்டிக்கொள்வதில்லை. குழந்தைகள் இதற்கு நல்ல உதாரணம். பெற்றோர் ரகசியம் பேசுவதற்கென்றே ஒரு மொழியை வைத்திருந்தால், பிள்ளைகள் முதலில் கற்பது அதில் தங்களைப் பற்றி வரும் சொற்களைத்தான். குடியேறிய யூதக் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாததை இத்திஷ் மொழியில் பேசினார்கள். பேசத் தெரியாமலே புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை அப்படி வளர்ந்தது. தமிழுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூரின் 4 ஆட்சிமொழிகளில் அது ஒன்று. மலையாளம் பேசுகிறவர் நம் வாக்கியத்தில் பாதியைப் பிடித்துவிடுவார். கோபம், துக்கம், விஷயம் போன்ற வடசொற்கள் இந்திபேசுகிறவருக்கும் பழக்கமானவை. போதாததற்குச் செல்பேசிகள் இருக்கின்றன. கூகுள் மொழிபெயர்ப்பில் 2024ல் ஒரே தடவையில் 110 மொழிகள் சேர்ந்தன. வட்டாரப் பேச்சில் இயந்திரம் தடுமாறும், உண்மைதான். அதை நம்பி வாயைத் திறக்காதீர்கள்.

சொல்லைவிடக் குரலும் கண்ணும்தான் அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் குரல் தானாக ஏறும். அதோடு ரயில் இரைச்சலும் சேரும். சுற்றிலும் சத்தம் கூடினால் பேசுபவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்று எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911ல் எழுதினார். வண்டி நிலையத்தில் நிற்கும்போது இரைச்சல் சட்டென்று அடங்கும், உங்கள் குரல் மட்டும் அதே உயரத்தில் நிற்கும். முக்கியமான வாக்கியம் அந்தக் கணத்தில் வந்து விழும். வண்டி வேகம் குறையும்போதே பேச்சை நிறுத்திவிடுவது நல்ல பழக்கம். செல்பேசியில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒருபக்கப் பேச்சை மட்டும் கேட்பவரின் கவனம், இருபக்கப் பேச்சையும் கேட்பவரின் கவனத்தைவிட அதிகம் சிதறுகிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் காட்டினார்கள். உங்கள் மொழி தெரிந்தவர் பெட்டியில் இருந்தால், அவர் வேண்டாம் என்று நினைத்தாலும் காது உங்கள் பக்கம்தான் இருக்கும்.

கண் விஷயம் எளிது, ஆனால் கடைப்பிடிப்பது கஷ்டம். ஒருவரைப் பார்த்துவிட்டு, திரும்பித் துணைவரைப் பார்த்துப் பேசி, இருவரும் சிரித்தால் எந்த மொழியும் தேவையில்லை. “திரும்பிப் பாக்காதே” என்று சொன்ன மறுநொடி துணைவர் திரும்பிப் பார்ப்பது உறுதி. பேசும்போது பார்வை உங்கள் கையில் இருக்கும் பொருளில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மாற்றாக நான் சொல்வது, மொழியை நம்பாமல் அதற்குள் ஒரு குறியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நன்னூல் உரைகள் தரும் உதாரணங்கள். மொழி எல்லோருக்கும் தெரிந்தது, பொருள் மட்டும் அந்தக் குழுவுக்கு. இரண்டாம் உலகப்போரில் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியை அமெரிக்க மரைன் படை பயன்படுத்தியதும் இப்படித்தான். 1942ல் முதலில் சேர்ந்த 29 நவஹோக்கள் தங்கள் மொழியை அப்படியே வானொலியில் பேசவில்லை. டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், கையெறிகுண்டுக்கு உருளைக்கிழங்கு என்று ஒரு குறித்தொகுதியைக் கட்டினார்கள். ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஜோ கியூமியா நவஹோ சிப்பாய்தான், ஆனால் அந்தக் குறி கற்றவரல்ல. அவரைச் சித்திரவதை செய்து கேட்டும் பயனில்லை. தாய்மொழிக்காரருக்கே சொற்கள் புரிந்தன, செய்தி புரியவில்லை.

இருவருக்கு 6 அல்லது 7 குறிகள் போதும். கிளம்பலாம், ஒத்துக்கொள்ளாதே, பேச்சை மாற்று, நம்மைக் கவனிக்கிறார்கள், உடம்பு சரியில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. இவற்றைத் தாண்டிப் போகும் எதுவும் வீட்டில் பேச வேண்டியது. குறியாக “சாவி எடுத்தியா?” போன்ற அன்றாட வாக்கியத்தை வைக்காதீர்கள். ஒருநாள் உண்மையிலேயே சாவியைக் கேட்பீர்கள், அவர் எழுந்து நின்றுவிடுவார். இல்லாத மாமா ஒருவரை உருவாக்குவது சிறந்தது. “சுந்தரம் மாமா போன் பண்ணாரா?” என்றால் கிளம்பலாம்; “சுந்தரம் மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்காம்?” என்றால் ஒத்துக்கொள்ளாதே. அப்படி ஒரு மாமா கிடையாது என்பதால் குழப்பமே வராது. உங்களுக்கும் எதிராளிக்கும் பொதுவான மொழியிலேயே, அவருக்குப் புரியும்படியே சொல்லலாம். அவருக்குச் சந்தேகம் எழாது. பதிலையும் முன்பே முடிவுசெய்யுங்கள். பல குறிகள் கெடுவது இங்கேதான்: ஒருவர் சொல்ல, மற்றவர் மறந்துபோய் “யாரு சுந்தரம் மாமா?” என்று உரக்கக் கேட்பார். பதில் எப்போதும் “நாளைக்குக் கேக்குறேன்” என்று இருக்கட்டும். அது வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று பொருள். மாதம் ஒருமுறை சும்மாவாவது சொல்லிப் பாருங்கள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்க்கும் விளையாட்டுப் பேச்சு இதற்கு உதவாது. ‘நாளை’ என்பதைக் ‘கநாகளை’ என்றால் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒலியே விதியைச் சொல்லிவிடும். குறிகளும் பழசாகும். பிரிட்டனில் ஓரினச்சேர்க்கை குற்றமாக இருந்த காலத்தில் ஓரினச்சேர்க்கையாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் பேசிய போலாரி என்ற குழுப்பேச்சு, 1965க்கும் 1968க்கும் இடையே ஒரு பிபிசி வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி வழியாக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. அதோடு அதன் மறைப்பு போயிற்று. பிரெஞ்சு இளைஞர்கள் சொல்லின் அசைகளைப் புரட்டிப் பேசும் வெர்லானில், அரபியரைக் குறிக்கும் ‘அராப்’ என்பது ‘பர்’ ஆகி, அது எல்லோருக்கும் தெரிந்தவுடன் மறுபடி புரட்டப்பட்டு ‘ரபு’ ஆனது. உங்கள் சுந்தரம் மாமாவுக்கும் ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி மரியாதை. ரயிலில் இருவர் தங்கள் தாய்மொழியில் பேசிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். மூன்றாமவர் உங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நிலைமை வேறு. முடி வெட்டுபவர், ஊசி போடும் செவிலியர், கார் ஓட்டுபவர் போல உங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பவர் எதிரில் இருக்கும்போதும் அப்படியே. அங்கே புரியாத மொழி என்பது அவர் முகத்தில் கதவைச் சாத்துவது. அவசியம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்: “ஒரு நிமிஷம், எங்களுக்குள்ள எங்க மொழியில பேசிக்கிறோம்.” பேரத்தில் இதைவிட நல்லது, “வெளியே போய்ப் பேசிட்டு வர்றோம்” என்று எழுந்து போவது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு சொல்லும் கசியாது. அவரைப் பற்றியே என்றால் எந்த மொழியிலும் பேசாதீர்கள்.

மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் நின்று அவருக்குப் புரியாத மொழியில் அவர் நோயைப் பேசுவது எனக்குப் பொறுக்காத ஒன்று. படுத்திருப்பவருக்கு வேறு வேலை இல்லை, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அறையில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே பேசப்படும் எல்லாவற்றையும் இருபக்கமும் சொல்வதுதான் அவருடைய தொழில்முறை. நீங்கள் ஓரமாகச் சொன்னதும் அதில் சேரும்.

இத்தனைக்குப் பிறகும் வாய் தவறிவிட்டது, எதிரே இருப்பவர் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “உங்களைச் சொல்லலை” என்று மழுப்பாதீர்கள், அவர் கேட்டதை அவர் கேட்டுவிட்டார். “நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்க” என்று தமிழிலேயே அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். தமிழ் எங்கே கற்றீர்கள் என்று உடனே வியந்து பேச்சைத் திருப்ப வேண்டாம். அது இரண்டாவது அவமானம். அவர் பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் அவர் இறங்கும்வரை அமைதியாக இருங்கள்.