வாசகர் கேள்வி–பதில்: மியே மாகாணமும் மோச்சிப் பலகாரங்களும்

ஜப்பான் பயணம் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே வட்டாரத்தைச் சுற்றியே அமைந்திருந்ததால், அவற்றுக்கான பதில்களை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மகன் நகோயாவில் வேலை பார்க்கிறான். வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் அவனோடு சில வாரங்கள் தங்கப் போகிறோம். மகன் அலுவலகம் சென்றபின் நாங்கள் இருவர் மட்டும் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய, கோயிலும் உள்ளூர்ப் பலகாரமும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஏதேனும் உண்டா? *(ஓய்வுபெற்ற ஆசிரியை, லாஸ்பேட்டை)*

பதில்: நகோயாவில் தங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மியே மாகாணத்தைத்தான். ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒன்றான இது நகோயாவுக்குத் தென்மேற்கே, இசே விரிகுடாவை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிறது. நகோயா நிலையத்திலிருந்து கின்டெட்சு என்ற தனியார் ரயிலின் சிறப்பு விரைவு வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கோயில் நகரமான இசேயின் இசேஷி நிலையத்தில் இறங்கலாம். இந்த வண்டிக்குப் பயணச்சீட்டோடு விரைவு வண்டிக்கான கூடுதல் சீட்டும் எடுக்க வேண்டும். வெளிநாட்டவருக்கென்று விற்கும் ஜப்பான் ரயில் பாஸ் இந்தத் தடத்தில் செல்லாது. 2023 அக்டோபரில் அதன் விலையையும் கடுமையாக உயர்த்திவிட்டார்கள். மகன் வீட்டில் தங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்க்கப் போகிற உங்களுக்கு அது வீண் செலவு.

இசேயில் உள்ள பெருங்கோயில் ஒரே கட்டடம் அன்று. பெரிதும் சிறிதுமாக 125 கோயில்கள் சேர்ந்த தொகுதி அது. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. உணவுக்கு அதிபதியான தொயோஉகே தேவி உறையும் கெக்கூ என்ற வெளிக்கோயில் ஒன்று. சூரியதேவியான அமதெராசு உறையும் நைக்கூ என்ற உட்கோயில் மற்றொன்று. வெளிக்கோயிலை வணங்கிய பிறகே உட்கோயிலுக்குச் செல்வது மரபு. வெளிக்கோயில் இசேஷி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், மரபும் வசதியும் இங்கே ஒத்துப்போகின்றன. வெளிக்கோயிலில் நாள்தோறும் காலையும் மாலையும் தெய்வங்களுக்கு உணவு படைக்கும் சடங்கு நடக்கிறது. அங்கிருந்து உட்கோயிலுக்குப் பேருந்து உண்டு. நுழைவுக் கட்டணம் இரண்டு இடத்திலும் கிடையாது.

ஆயிரம் ஆண்டுப் பழமையான கற்றளியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இசேயில் நீங்கள் காணப்போவது புத்தம்புதிய மரக் கட்டடம். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே காலியாக விட்டிருக்கும் நிலத்தில், சைப்ரஸ் வகை மரத்தால் கோயிலை அதே அளவில், அதே முறையில் மீண்டும் எழுப்பித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். முதல் முறை நடந்தது 690-ஆம் ஆண்டு, 62-ஆவது முறை 2013-இல் நடந்தது, அடுத்தது 2033-இல். கருவறை வரை செல்ல யாருக்கும் அனுமதியில்லை. வாயிலில் தொங்கும் வெண்திரைக்கு முன் நின்று வணங்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கவும் கூடாது. சிற்பம் பார்க்கும் ஆசையோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். உயர்ந்த மரங்களுக்கு இடையே சரளைக்கல் பாதையில் நடப்பதும், உஜி பாலத்தைக் கடந்து இசுசூ ஆற்றில் கை கழுவுவதும்தான் இங்கே பெறும் அனுபவம்.

பாலத்தை விட்டு வெளியே வந்ததும் ஒஹராய்மாச்சி என்ற கடைத்தெரு தொடங்குகிறது. அதன் நடுவில், ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி, 1707 முதல் அகாஃபுகு மோச்சி (மோச்சி என்பது ஒட்டும் அரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் பலகாரம்) விற்கும் கடையின் தலைமையகம் நிற்கிறது. இன்றிருக்கும் கட்டடம் 1877-இல் கட்டப்பட்டது. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் சிவப்பு வண்ணம் பூசிய அடுப்புகளில் தேநீருக்கான வெந்நீர் கொதிக்கிறது. பக்கத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, உள்ளங்கையளவும் இல்லாத வெள்ளை மோச்சியை எடுத்து, அதன்மேல் சிவப்புப் பயற்றுப் பூரணத்தை அப்பி, விரல்களால் ஒரே இழுப்பில் மூன்று வரிகள் விழும்படி வடிக்கிறார்கள். அந்த வரிகள் இசுசூ ஆற்றின் ஓட்டத்தையும், அடியிலிருக்கும் வெள்ளை மோச்சி ஆற்றுக் கூழாங்கல்லையும் குறிக்கின்றனவாம். பெட்டியில் வாங்கிக்கொண்டு ஓடாமல், பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபடி தேநீரோடு சாப்பிடுங்கள்.

அக்டோபர் 15 முதல் 17 வரை புதுநெல் படைக்கும் கன்னமேசாய் விழா நடப்பதால் அந்த நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். விழாவைக் காண விருப்பமில்லையென்றால் அந்த மூன்று நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மாதத்தின் முதல் தேதியிலும் அப்படித்தான்: அன்று அதிகாலையில் கோயிலுக்கு வருவது உள்ளூர் வழக்கம் என்பதால், அகாஃபுகு கடை ஜனவரி நீங்கலாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மட்டும் அந்தந்தப் பருவத்துக்குரிய தனி மோச்சியைச் செய்கிறது. அதற்காக இருட்டிலேயே வரிசை நிற்கும். வரிசையில் நிற்கத் தெம்பிருந்தால் போகலாம். என்னைக் கேட்டால் சாதாரண நாள் போதும்.

கேள்வி: இசே போகும் வழியில் ஊருக்கு ஊர் ஒரு மோச்சி இருக்கிறது என்று படித்தேன். ஒரே பண்டம் ஏன் இத்தனை ஊர்களில்? *(வாசகர், வில்லியனூர்)*

பதில்: எல்லாம் நடந்தே வந்த யாத்ரிகர்களின் பசிக்காக ஏற்பட்டவை. எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஊர் மக்கள் கூடிச் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவரை ஊர் சார்பில் இசேக்கு அனுப்பி வைத்தார்கள். அதுவல்லாமல் சில ஆண்டுகளில் மக்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டங்கூட்டமாகக் கிளம்பியதும் உண்டு. 1830-இல் அப்படி வந்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்பது கணிப்பு. அத்தனை பேருக்கும் வழியில் கையில் எடுத்து உடனே சாப்பிடக்கூடியதும் நெடுநேரம் வயிறு தாங்கக்கூடியதுமான உணவு தேவைப்பட்டது. மோச்சி அதற்குப் பொருத்தமாக இருந்தது.

எந்த இடத்தில் யாத்ரிகர் நின்றே ஆக வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு மோச்சிக் கடை முளைத்திருப்பதைக் கவனியுங்கள். கடல்வழியாகப் படகில் வந்து இறங்கும் குவானாவில், உள்ளே பூரணம் வைத்து நீளமாகத் தட்டிச் சுட்ட யசுநாகா மோச்சி. அடுத்த ஊரான யொக்கைச்சியில் அதே சாயலில், 1550 முதல் விற்கப்படும் நாகா மோச்சி. மியா ஆற்றைக் கடக்குமுன் வாடகைக் குதிரையைத் திருப்பி அனுப்பும் இடத்தில், 1775 முதல் இருபுறமும் சிவக்க வாட்டிய ஹென்பா மோச்சி. சேதா ஆற்றின் படகுத்துறையில், 1575 முதல், வறுத்த சோயாப் பயற்று மாவு தூவிய நிக்கென்ஜாயா மோச்சி. கடைசியாகக் கோயில் வாசலில் அகாஃபுகு. வெளியூர்க்காரர்கள் அகாஃபுகு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ, வாட்டிய வாசனையோடு வரும் ஹென்பா மோச்சிதான் ஒருபடி மேல்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள். மோச்சி என்பது நம்முடைய கொழுக்கட்டைதானே? நம்பிச் சாப்பிடலாமா? *(வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)*

பதில்: பூரணத்தை அரிசி மாவுக்குள் வைப்பது என்ற அளவில் கொழுக்கட்டையின் உறவுதான். செய்முறை வேறு. நாம் அரிசியை மாவாக்கி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, பிறகு ஆவியில் வேக வைக்கிறோம். மோச்சிக்கு, ஒட்டும் தன்மையுள்ள தனி அரிசியை முழுதாக வேகவைத்து, சூட்டோடு உரலில் போட்டு இடிக்கிறார்கள். பூரணத்தில் தேங்காயும் இல்லை, ஏலக்காயும் இல்லை; அசுக்கி என்ற சிவப்புப் பயறும் சர்க்கரையும்தான். நெய் மணத்தை எதிர்பார்த்து வாயில் போட்டால் முதல் கடி சப்பென்றுதான் இருக்கும்.

மேலே சொன்ன மோச்சிகளின் முதன்மைப் பொருள்கள் அரிசி, பயறு, சர்க்கரை ஆகியவைதான். யோகான் என்ற பயற்றுப் பாளம், நாம் கடல்பாசி என்று வாங்கும் அகர்அகரால் இறுகுவது. அரிசி மாவையும் சர்க்கரையையும் ஆவியில் வேகவைத்த உய்ரோவும் உங்களுக்கு ஏற்றது. முட்டை இருப்பது கஸ்தெரா கேக்கிலும், இரு அப்பங்களுக்கு நடுவே பூரணம் வைத்த தோராயாகியிலும். மேலைநாட்டுப் பாணி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். பொட்டலமிட்ட உணவில் முட்டை, பால், கோதுமை போன்றவற்றைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் படித்துப் பார்க்கலாம். கடையில் தட்டில் வைத்து விற்பதற்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்பதால் அங்கே வாய்விட்டுக் கேட்டுவிடுவதே நல்லது.

இனிப்பைவிட நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது மதியச் சாப்பாட்டில். இசே உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் மேல் ஊற்றும் கருஞ்சாற்றில் மீன் வடிநீர் கலந்திருக்கும். மேலே மீன் துண்டு எதுவும் தெரியாததால் பலர் சைவமென்று நினைத்துவிடுகிறார்கள். கைவசம் புளிசாதமோ சப்பாத்தியோ எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கரும்பு விளையும் ஊர்க்காரன் என்பதால் கேட்கிறேன். இந்தப் பலகாரங்களுக்கு ஜப்பானியர் என்ன சர்க்கரை சேர்க்கிறார்கள்? *(விவசாயி, நெல்லிக்குப்பம்)*

பதில்: இன்று பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரைதான். ஆனால் அது பிற்காலத்தில் வந்தது. அகாஃபுகுவின் பூரணமே தொடக்கத்தில் உப்புப் போட்டதாக இருந்து, பின்னர்க் கருஞ்சர்க்கரைக்கு மாறி, 1911-இல் பேரரசியார் இசேக்கு வந்தபோது அவருக்காக வெள்ளைச் சர்க்கரையில் செய்ததிலிருந்து இன்றைய சுவைக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு, சர்க்கரை பெரும்பாலும் நாகசாகித் துறைமுகம் வழியாக இறக்குமதியான நிலையில், 18-ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுன் யொஷிமுனே உள்நாட்டிலேயே கரும்பு பயிரிட ஊக்கமளித்தார்.

அதன் விளைவாக ஷிகோகு தீவில் உருவானது வசன்போன் என்ற சர்க்கரை. விரல் பருமனே உள்ள ஒல்லிக் கரும்பின் சாற்றைக் காய்ச்சி, துணியில் கட்டிக் கல் ஏற்றி அழுத்தி, பாகு வடிந்தபின் மீதியைத் தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்து மறுபடியும் அழுத்தி, இப்படியே பலமுறை செய்து எடுப்பது. நிறம் தூய வெள்ளையாக இராது. தந்தம் போன்ற இளமஞ்சள். நாவில் வைத்ததும் கரைந்துவிடும் அளவுக்கு மென்மையான தூள்.

அதை மியே மாகாணத்திலேயே சுவைக்க வேண்டுமானால் கமேயாமா நகரைச் சேர்ந்த செகி என்ற ஊருக்குச் செல்லுங்கள். எடோவிலிருந்து (இன்றைய தோக்கியோ) கியோட்டோவுக்குச் சென்ற தோகாய்தோ நெடுஞ்சாலையின் 53 தங்கல் ஊர்களில் இது 47-ஆவது. ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளத்துக்கு இருபுறமும் பழைய மர வீடுகள்; 1984 முதல் அரசின் பாதுகாப்பில் உள்ள தெரு. இங்கே 17-ஆம் நூற்றாண்டு முதல் செய்துவரும் ‘செகி நோ தோ’ என்பது, நைசாக அரைத்த பூரணத்தை மெல்லிய மோச்சியில் பொதிந்து வசன்போன் தூளில் புரட்டிய சிறு உருண்டை. இசே அளவுக்குக் கூட்டம் இல்லாத ஊர் என்பதால் ஒரு முழு மதியத்தை இங்கே ஒதுக்கலாம். ரயில்கள் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவரோடு போகிறோம். கோயிலில் அவர்களுக்குப் பொறுமை இருக்காது. *(வாசகி, முத்தியால்பேட்டை)*

பதில்: இசேக்கு அடுத்து, ரயிலில் சிறிது நேரத்தில் வரும் தோபாவுக்குப் போங்கள். 1893-இல் மிகிமோதோ கோகிச்சி முதன்முதலாக அரைக்கோள முத்தைச் சிப்பியில் வளர்த்தெடுத்த இடம் இப்போது முத்துத் தீவு என்ற காட்சியகமாக இருக்கிறது. வெள்ளை உடையணிந்த ‘அமா’ என்ற முக்குளிப்புப் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் இறங்குவதை அங்கே நேரில் காட்டுகிறார்கள். வழியில் ஃபுதாமியில், வைக்கோல் கயிற்றால் பிணைத்த இரண்டு கடற்பாறைகளைக் கணவன் மனைவியாக வழிபடுகிறார்கள். அவற்றுக்கு நடுவே சூரியன் எழுவது ஜூன் மாதத்தை ஒட்டிய நாட்களில் மட்டுமே; நாள்தோறும் கடலில் உதயம் பார்க்கிற புதுச்சேரிக்காரர்கள் அக்டோபரில் அதற்காக நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

நிஞ்ஜாவைப் பார்த்தே தீரவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் இகா நகருக்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். சுழலும் சுவரும் மறைகதவும் உள்ள வீட்டைவிட, மரச்சுத்தியால் தட்டி உடைத்துத் தின்னும் கதாயாகி என்ற கல்போன்ற பிஸ்கட்டுதான் அவர்களுக்குப் பிடிக்கும். தோபாவையும் இகாவையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். நாள் முழுவதும் ரயிலிலேயே போய்விடும்.

கேள்வி: எழுபத்தெட்டு வயது அப்பாவையும் அழைத்துச் செல்கிறோம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மோச்சி கொடுக்கலாமா? *(வாசகர், அரியாங்குப்பம்)*

பதில்: சர்க்கரை அளவைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதைவிட அவசரமான ஆபத்து தொண்டையில் இருக்கிறது. ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டின்போதும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறப்பதும், அதற்கு முன்பே அதிகாரிகள் எச்சரிக்கை விடுவதும் வழக்கமாகிவிட்டது. பல்செட் அணிந்தவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. முதலில் ஒரு வாய் தேநீர் குடிக்கச் செய்து, கடுகளவாக இல்லாவிட்டாலும் சுண்டைக்காய் அளவுக்காவது நறுக்கிக் கொடுத்து, மெல்லும்போது பேச்சுக் கொடுக்காமல் இருங்கள். யோகானின் மெல்லிய துண்டு ஒன்று கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

கேள்வி: அகாஃபுகு பெட்டி ஒன்றை ஊருக்குக் கொண்டுவர முடியுமா? ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்காதா? *(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)*

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்த நாளையும் சேர்த்துக் கோடையில் 2 நாள், குளிரில் 3 நாள் என்பதே அதற்குக் கடைக்காரர்கள் குறிக்கும் கெடு. நகோயாவிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து சாலைவழியாகக் கடலூர் சேர்வதற்குள் அது முடிந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் கெடுதல்தான் விரைவுபடும்: வெந்த அரிசியின் மாவுச்சத்து குளிரில் நீரை விட்டு இறுகுவதால், இடித்த மோச்சி ரப்பராகிப் பிறகு கட்டையாகிவிடும். மாவோடு நிறையச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய வகையில் அந்தச் சர்க்கரையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது மென்மை குன்றாமல் நாள்பட நிற்கும். ‘செகி நோ தோ’வின் மேல்தோல் அந்த வகை. ஊருக்குக் கொண்டுவர அதையும், கதாயாகியையும், வசன்போன் தூளை அச்சில் அழுத்திச் செய்த உலர் மிட்டாய்களையும் வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, புறப்படுவதற்கு முந்தைய நாளில் வாங்குவது உத்தமம். யோகான் வாங்கினால் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் கூழ்ப் பொருளென்று சொல்லித் தடுத்துவிடக்கூடும் என்பதால் சரக்கில் போடும் பெட்டியிலேயே வையுங்கள்.