வியட்நாம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சிவப்புத் தட்டுகளில் என்ன இருக்கும்?

முதலில் வெற்றிலை பாக்கு. ஆமாம், நம் ஊரைப் போலவேதான்! அது இல்லாமல் அங்கே பெண் கேட்டுப் போவதே இல்லை. இந்த நிச்சயதார்த்தச் சடங்கை ‘டாம் ஹோய்’ என்பார்கள். தேயிலை, மது, பழங்கள், ‘பான் ஃபூ தே’ எனும் கணவன் மனைவி இனிப்பு எல்லாம் சிவப்புத் துணி போர்த்தி வரும். வசதியைப் பொறுத்து முழுப் பன்றி வறுவலும் உண்டு. தட்டுகளின் எண்ணிக்கை வடக்கே 5, 7, 9 என்று ஒற்றைப்படை; தெற்கே 6, 8 என்று இரட்டைப்படை. மாப்பிள்ளை வடக்கு, பெண் தெற்கு என்றால் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தட்டுகளை மாப்பிள்ளை பக்கத்துக் கல்யாணமாகாத இளைஞர்கள் தூக்கி வருவார்கள், பெண் வீட்டு இளம்பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். வந்த சீரில் ஒரு பங்கைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுப்பார்கள். அப்போது பாக்குக் குலையைக் கத்தியால் வெட்டக் கூடாது, உறவு அறுந்துவிடுமாம். கையால்தான் பிய்ப்பார்கள். தட்டின் மூடியையும் மூடாமல் மல்லாத்தி வைத்தே அனுப்புவார்கள்.