ரூட் செய்தாகிவிட்டது, ரோம் போடும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: 2018-இல் வாங்கிய போக்கோ எஃப்1 வைத்திருக்கிறேன். அதில் ஷியோமியின் ஆண்ட்ராய்டு வடிவமான எம்ஐயூஐ 12-க்குப் பிறகு பெரிய அப்டேட் எதுவும் வரவில்லை. போன வாரம் பூட்லோடரை அன்லாக் செய்து, ஒரு வீடியோவைப் பார்த்து மேஜிஸ்க் மூலம் ரூட்டும் செய்துவிட்டேன். அடுத்து ஆண்ட்ராய்டு 15 உள்ள கஸ்டம் ரோம் போட ஆசை. ஜிப் கோப்பை இறக்கி ஃபிளாஷ் செய்தால் போதுமா? போன் செத்துப்போக வாய்ப்பு உண்டா? யூபிஐ, வங்கி ஆப்கள் வேலை செய்யுமா?

பதில்: முதலில் கொஞ்சம் ஏமாற்றமான செய்தி. ரோம், அதாவது போனின் இயங்குதளத் தொகுப்பை மாற்ற, ரூட் எனும் முழு நிர்வாக அனுமதி தேவையே இல்லை. பூட்லோடர் (போன் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அன்லாக் ஆகியிருந்தால் போதும், அதை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். மேஜிஸ்க் செய்வதெல்லாம் சேமிப்பில் பூட் பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் இருக்கும் இமேஜை (அப்பகுதியின் முழு உள்ளடக்கத்தை) திருத்தி வைப்பதுதான். புது ரோம் வந்து அதே பார்ட்டிஷனில் தன் சொந்த இமேஜை எழுதும். அத்தோடு உங்கள் ரூட் போய்விடும். வேண்டுமானால் பிறகு புதிதாகச் செய்துகொள்ளலாம்.

அதற்காக, செய்த ரூட் வீண் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு அதை வைத்து ஒரு முக்கியமான வேலையை முடித்துவிடலாம். ரோம் கெட்டால் இன்னொரு ரோம் இறக்கலாம், ரெக்கவரி (ரோம் ஏற்றவும் போனை அழிக்கவும் உதவும் தனி மென்பொருள்) போனால் மறுபடி போடலாம். ஆனால் போனுக்குள் சில சின்ன பார்ட்டிஷன்கள் உள்ளன. அவற்றில் இருப்பது உங்கள் போனுக்கு மட்டுமே உரியது, இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. குவால்காம் சிப் உள்ள போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி ஆகிய மூன்றும் ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) உள்ளிட்ட மோடம் விவரங்களோடு தொடர்புடையவை. பெர்சிஸ்ட் என்ற இன்னொன்றில் சென்சார்களின் அளவீட்டுத் திருத்தங்களும், வீடியோ ஆப்களின் உரிமப் பாதுகாப்பு தொடர்பான தரவும் இருக்கும்.

ரூட் இருக்கும்போதே இவற்றை நகலெடுத்து வையுங்கள். ஒரு டெர்மினல் ஆப்பைத் திறந்து ‘எஸ்யூ’ கொடுத்தால் மேஜிஸ்க் அனுமதி கேட்கும், கொடுங்கள். டெவ் ஃபோல்டருக்குள் பிளாக், அதற்குள் பை-நேம் என்று போனால் எல்லாப் பார்ட்டிஷன்களும் பெயரோடு நிற்கும். ‘டிடி’ கட்டளையில் எங்கிருந்து என்ற இடத்தில் மோடம்எஸ்டி1 பாதையையும், எங்கே என்ற இடத்தில் டவுன்லோட் ஃபோல்டரையும் கொடுத்தால் சில நொடிகளில் இமேஜ் கோப்பு வந்துவிடும். மற்ற மூன்றுக்கும் அப்படியே. இரண்டு பாதைகளையும் இடம் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். டிடி கேள்வி கேட்காமல் எழுதிவிடும். எல்லாம் சின்ன கோப்புகள்தான். கணினிக்கும் பென்டிரைவுக்கும் கையோடு மாற்றிவிடுங்கள். போனிலேயே விட்டால் அடுத்த படியில் அழிந்துவிடும். இன்னொன்று: டெலிகிராம் குழுவில் யாராவது “உங்க பெர்சிஸ்ட் கொஞ்சம் அனுப்புங்க ப்ரோ” என்று கேட்டால் அனுப்பாதீர்கள், நீங்களும் கேட்காதீர்கள். அது ஊருக்குப் பொதுவான கோப்பு அல்ல.

வழக்கமான காப்பும் உண்டு. படங்கள், வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலர் மறப்பது ஓடிபி எண் உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைத்தான். அதன் கணக்குகளை வேறொரு போனுக்கு மாற்றாமல் போனை அழித்தால், ரோம் அருமையாக ஓடும். நீங்கள்தான் எந்தக் கணக்குக்குள்ளும் போக முடியாமல் நிற்பீர்கள். மி கணக்கு, கூகுள் கணக்கு பாஸ்வேர்டுகள் நினைவில் இருக்கின்றனவா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரோம். உங்கள் போனின் குறிப்பெயர் பெரிலியம். எந்தக் கோப்பை இறக்கினாலும் அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். “இதுவும் ஸ்னாப்டிராகன் 845 தானே” என்று வேறு போனின் ரோமை முயல்வது வேலைக்கு ஆகாது. லீனியேஜ் ஓஎஸ் 22 வரிசை ஆண்ட்ராய்டு 15-ஐ அடிப்படையாகக் கொண்டது. பெரிலியத்துக்கும் அதிகாரப்பூர்வமாக வந்திருக்கிறது. முதன்முறை ரோம் போடுகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாகப் பிறந்த திட்டம் இது. தோற்றத்தில் ஆடம்பரம் எதுவும் இல்லை, தீம் பிரியர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் படிப்படியான வழிகாட்டி இருக்கிறது, சோர்ஸ் திறந்து கிடக்கிறது, இறக்கிய கோப்பு சரியானதா என்று சோதிக்க ஷா256 எண் கொடுக்கிறார்கள். விண்டோஸில் ‘செர்ட்யூடில்’ கட்டளையை ஓட்டி அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடால் வரும் தலைவலிகள் இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். யார் செய்தது என்றே தெரியாத, சோர்ஸ் இல்லாத ரோம்களை, பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று எவ்வளவு ஆசை காட்டினாலும், வங்கி ஆப் வைக்கப்போகும் போனில் போடாதீர்கள்.

ரோமும் ஃபர்ம்வேரும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். லீனியேஜ் ஜிப்பில் ஆண்ட்ராய்டு இருக்கும். மோடம், புளூடூத், பாதுகாப்புச் சிப் ஆகியவற்றை இயக்கும் அடிமட்ட மென்பொருள், பழைய எம்ஐயூஐ எதை விட்டுச்சென்றதோ அதுவாகவே இருக்கும். புது ரோம் ஆண்ட்ராய்டு 10 காலத்து ஃபர்ம்வேரை எதிர்பார்க்கும்போது உங்களிடம் 9 இருந்தால், ஃபிளாஷ் பாதியில் நிற்கும்; அல்லது ஏறிய பிறகு சிக்னல் வராது, கைரேகை வேலை செய்யாது. நீங்கள் எம்ஐயூஐ 12-இல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு 10 என்று காட்டினால் சரி. இல்லையென்றால் முதலில் எம்ஐயூஐ-யின் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிட்டு வாருங்கள். எக்காரணம் கொண்டும் பழைய ஃபர்ம்வேருக்குக் கீழிறங்க வேண்டாம். 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் ஷியோமி ஆன்டி-ரோல்பேக் தடையைக் கொண்டுவந்தபோது, பழைய பதிப்புக்குத் திரும்பப் பார்த்த பலருடைய போன்கள் அப்படியே கல்லாகிப்போயின.

அன்றைய வேலைக்கு உட்காரும் முன், திரும்பி வர வழி ஒன்றையும் தயாராக வையுங்கள். பெரிலியத்துக்கான கடைசி எம்ஐயூஐ-யின் ஃபாஸ்ட்பூட் ரோமை இறக்கிக் கணினியில் வையுங்கள். ஃபாஸ்ட்பூட் என்பது கணினியிலிருந்து கட்டளை கொடுத்துப் போனில் நேரடியாக எழுதும் நிலை. ஜிப்பாக வருவது ரெக்கவரி ரோம். நமக்கு வேண்டியது டிஜிஇசட் என்று முடிவது.

கேபிளும் போர்ட்டும் படுத்தும் பாடு தனி. ஃபாஸ்ட்பூட்டில் போனைக் கணினியோடு இணைத்ததும் திரை கறுத்து, மூலையில் பொடி எழுத்தில் ‘ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் அணைந்துவிடும்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் பயந்துவிடாதீர்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டில், குறிப்பாகச் சில ரைசன் கணினிகளில், ஷியோமி போன்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். 2.0 போர்ட்டில் செருகுங்கள். இல்லையென்றால் ஒரு மலிவான 2.0 ஹப்பை நடுவில் போடுங்கள்.

இப்போது வேலை. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். போனை அணைத்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட். ரோமோடு வரும் அதே ரெக்கவரி இமேஜை ஃபிளாஷ் செய்யுங்கள். ‘டிடபிள்யூஆர்பி என்ற வேறொரு ரெக்கவரிதான் எனக்குப் பழக்கம்’ என்பவர்கள் உண்டு. ரோம் எந்த ரெக்கவரியைச் சொல்கிறதோ அதைப் போடுவதே நல்லது. ஃபிளாஷ் ஆனதும் ரீபூட் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். எம்ஐயூஐ ஒருமுறை எழுந்தாலும் தன் பழைய ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடக்கூடும். வால்யூம் ஏற்றும் பட்டனோடு பவரைப் பிடித்து நேராக ரெக்கவரிக்குள் போங்கள்.

அங்கே முதல் வேலை ஃபேக்டரி ரீசெட்டில் உள்ள ‘ஃபார்மட் டேட்டா’. பூட்லூப்பில் (போன் முழுதாக எழாமல் லோகோவிலேயே சுற்றுவது) மாட்டுகிற பலர் தவறவிடும் படி இது. எம்ஐயூஐ உங்கள் தரவைப் பூட்டி வைத்த சாவியைப் புது ரோமால் பயன்படுத்த முடியாது. வெறும் ‘வைப்’ கொடுத்தால் அந்தப் பூட்டிய பகுதி அப்படியே இருக்கும். ஃபார்மட் கொடுத்தால்தான் சுத்தமாகும். போனின் உள்சேமிப்பு முழுக்கப் போய்விடும், மேஜிஸ்க் மாட்யூல்களும் சேர்த்து.

அடுத்து ‘அப்ளை அப்டேட்’, அதில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி). கணினியில் சைட்லோட் கட்டளையைக் கொடுத்து ஜிப்பின் பெயரைச் சேர்த்ததும் சதவீதம் ஏறத் தொடங்கும். 47-க்கு வந்ததும் கணினியில் நின்றுவிடக்கூடும். சிலருக்கு ‘கட்டளையைப் படிக்க முடியவில்லை’ என்று சொல்லி, அதே வரியிலேயே ‘சக்சஸ்’ என்றும் முடியும். இது தோல்வி அல்ல, வழக்கமே அதுதான். கணினித் திரையை விட்டுவிட்டுப் போன் திரையைப் பாருங்கள். அங்கே பிழை எதுவும் இல்லையென்றால் ரோம் ஏறிவிட்டது. பதறி இந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்குகிறவர்கள்தான் உண்மையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளே ஸ்டோர் வேண்டுமானால், போன் முதல்முறை எழுவதற்கு முன்பே ஜீஆப்ஸ், அதாவது கூகுள் ஆப்களின் தொகுப்பை, ஏற்றிவிட வேண்டும். மைண்ட் த கேப்ஸ் தொகுப்பில் ஆர்ம்64, ஆண்ட்ராய்டு 15-க்கானதைத் தேர்ந்தெடுத்து, அதே சைட்லோட் முறையில் போடுங்கள். கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்று ரெக்கவரி எச்சரிக்கும். லீனியேஜ் கையொப்பமிடாத தொகுப்பு என்பதால் அப்படி. ‘எஸ்’ கொடுத்துத் தொடரலாம். ஒருமுறை பூட் ஆன பிறகு ஜீஆப்ஸ் போட்டால் செயலிகள் வரிசையாக விழும், மறுபடி ஃபார்மட்தான் வழி. இனி ரீபூட். முதல் பூட்டுக்குக் கால் மணி நேரம் வரை கொடுங்கள். அதையும் தாண்டி லோகோவே சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். போன் சாகவில்லை; ரெக்கவரிக்குப் போய் ஃபார்மட்டிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

சாவது பற்றிக் கேட்டீர்கள். ஃபாஸ்ட்பூட் திரை வந்தால் போன் உயிரோடுதான் இருக்கிறது, எம்ஐயூஐ-க்குத் திரும்பலாம். அப்படித் திரும்பும்போது கணினியிலிருந்து எம்ஐயூஐ-யை ஏற்றும் மிஃபிளாஷ் கருவியின் அடியில் உள்ள தேர்வை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்று இருந்தால் ‘கிளீன் ஆல்’ என மாற்றுங்கள். தவறான பிராந்திய ரோமோ கஸ்டம் ரோமோ இருக்கும் நிலையில் பூட்லோடர் பூட்டிக்கொண்டால் போன் எழாது. அங்கிருந்து மீள குவால்காமின் இடிஎல் எனும் அவசரகால ஃபிளாஷ் முறைக்குப் போக வேண்டும். ஷியோமி அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கணக்கு கேட்கும். ‘பாதுகாப்புக்காக’ ரோம் போட்ட பிறகு பூட்லோடரை லாக் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

வங்கி ஆப்கள் விஷயத்தில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்புச் சோதனை, பூட்லோடர் திறந்திருப்பதைப் பார்த்து ஆப்புக்குச் சொல்லிவிடும். அதை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்த வங்கியின் முடிவு. இன்று ஓடும் ஆப் அடுத்த அப்டேட்டில் கதவைச் சாத்தலாம். மேஜிஸ்கில் மறைக்கும் மாட்யூல்கள் உண்டு என்பார்கள். அது பூனையும் எலியும் ஆடும் ஆட்டம், சம்பளக் கணக்கை வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். பணப் பரிவர்த்தனைக்கு வீட்டில் வேறு போன் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது இந்த ஒரு போன்தான் என்றால், உங்கள் வங்கி ஆப் லீனியேஜில் ஓடுகிறதா என்று இதே மாடல் வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரோமை மறுபடி ரூட் செய்யாமல் விட்டால் வாய்ப்பு சற்றுக் கூடும். எப்படியும் யூபிஐ-யை வங்கியில் பதிந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

கேமராவும் மாறும். எம்ஐயூஐ கேமரா போய்விடும். பலர் கூகுள் கேமராவின் திருத்திய வடிவமான ஜிகேம் போட்டுக்கொள்கிறார்கள், இந்தப் போனுக்கு நன்றாகவே அமைகிறது. இன்ஃப்ராரெட் முகத்திறப்பும் லீனியேஜில் கிடையாது.

எல்லாம் எழுந்ததும், தீம் மாற்ற உட்காரும் முன் ஒரு அழைப்பு செய்து பாருங்கள். ஜியோ சிம் என்றால் இது இன்னும் முக்கியம். அதில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) எழவில்லையென்றால் போனில் பேசவே முடியாது. அப்புறம் டயலரில் *#06# அடியுங்கள். இரண்டு ஐஎம்இஐ எண்களும் பெட்டியில் அச்சிட்டதோடு பொருந்த வேண்டும். காலியாக வந்தால் முதலில் ஃபர்ம்வேர் பதிப்பைச் சந்தேகியுங்கள். “மோடம்எஸ்டி இரண்டையும் ஃபாஸ்ட்பூட்டில் அழித்துவிடு, தானாக வந்துவிடும்” என்ற வைத்தியத்தைக் காப்பு இல்லாமல் செய்யாதீர்கள். ஃபர்ம்வேர் சரியாக இருந்தும் எண் வரவில்லையென்றால், எடுத்து வைத்த இமேஜ்களை டிடி-யால் அதனதன் பார்ட்டிஷனில் திரும்ப எழுதலாம். இதற்கு மேஜிஸ்க் வேண்டாம். லீனியேஜின் டெவலப்பர் தேர்வுகளில் ‘ரூட்டட் டீபக்கிங்’கை இயக்கினால் கணினியிலிருந்து ஏடிபி வழியாகவே அந்த அனுமதி கிடைக்கும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். ஏதோ ஒரு டூலை இறக்கி ஐஎம்இஐ எண்ணைக் கையால் எழுதிப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். எண்ணை மாற்றுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம்.